நாற்பத்தெட்டுப் பக்கப் புத்தகம்

கடைசி மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது என்று அந்த வீட்டில் பெரிய சண்டை.

"தொண்ணூறு நாளும் தண்ணி கொண்டுவந்து நின்னது யாரு? நான்! இன்னைக்கு மட்டும் ஆளாளுக்கு வந்துட்டீங்க," என்றார் மாமியார். மாத்திரை அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, யாராவது கிட்டே வந்து பாருங்கள் என்பதுபோல நின்றார்.

"ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு நின்னு யார் செருப்பு தேய்ஞ்சுது?" என்றான் கணவன்.

நாத்தனார் அடுத்த தெருவிலிருந்து நல்ல துணி உடுத்தி வந்திருந்தாள். வந்தவளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்பது அவள் கட்சி. பத்து வயது மகளோ, காலண்டரில் தொண்ணூறு கட்டத்தையும் தானே அடித்ததாகவும் உரிமை தனக்குத்தான் என்றும் நாற்காலி மேல் ஏறி நின்று அறிவித்தாள். பேச்சு முற்றியது. "எல்லாத்துலயும் நீதான் முன்னாடி நிக்கணும், இல்ல?" என்று கணவன் தாயைப் பார்த்துச் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டான். மாமியாரின் உதடு துடித்தது. இன்னும் ஒரு வார்த்தை விழுந்தால் அழுகை, அதற்கடுத்த வார்த்தைக்குப் பெட்டி படுக்கை என்கிற நிலைமை.

இத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு வந்தாள் நோயாளி. மாமியாரின் இடுப்பிலிருந்து அட்டையை உருவினாள். மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள்.

"முடிஞ்சுது. எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு," என்றாள்.

முதலில் சிரித்தது மாமியார்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனார் கொண்டுவந்த கேக்கை வெட்டினார்கள். ஒரு வருஷமாகச் சிரிப்பை எண்ணி எண்ணிச் செலவழித்த வீடு அது. இடது மார்பில் அறுவை, அப்புறம் ஊசி மருந்து, அப்புறம் கதிர்வீச்சு, முடி கொட்டி முளைத்து இப்போது ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய மூன்று மாத மாத்திரையும் இன்றோடு தீர்ந்தது. சந்தோஷத்தில் யாருக்கும் தலைகால் புரியவில்லை.

"இனிமே எங்கயும் நிக்காது. நேரா மேலதான்!" என்றான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவனுக்கு வாயில் வருவது லிஃப்ட்தான்.

"நாசமாப் போக! வியாதியிலேர்ந்து எழுந்தவளைப் பாத்து மேலங்கிறியே!" என்று மாமியார் அவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, மருமகளின் இடது கையைப் பிடித்துத் தடவினார். "கையைப் பாருங்கடி, எப்படி நெகுநெகுன்னு ஆயிருக்கு! எல்லாம் நான் போட்ட சோறு."

"ஆமா அத்தை, வாட்ச் பட்டையை ரெண்டு ஓட்டை தள்ளிப் போட்டாச்சு," என்றாள் மருமகளும் பெருமையாக.

அவளுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை. தைத்து முடித்த சட்டைகள் அவள் மேசைக்கு வரும். பித்தான் குறைந்தால், காலர் கோணினால், ஒரு கை இன்னொரு கையைவிட அரை விரல் அகலமாக இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். தையல்காரர்கள் முதல் டீ கொண்டுவருகிறவர் வரை அவளை செக்கரக்கா என்றே கூப்பிட்டார்கள். நாத்தனாருக்கும் அது பிடித்துப்போய், அண்ணி என்பதை விட்டுவிட்டு அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். நாமும் அப்படியே சொல்வோம். பதினாறு வருஷத்தில் அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு சட்டை வெளியே போனதில்லை.

மறுநாள் காலையில் டீச்சர் போன் செய்தார்.

டீச்சர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவர். வார்டில் இவளுக்குப் பக்கத்துக் கட்டில். ஒரே வியாதி, ஒரே பக்கம், ஒரே கோலிக்குண்டு அளவுக் கட்டி, ஒரே டாக்டர், ஒரே நாளில் அறுவை. நர்சுகள் இரண்டு பேருக்கும் இரட்டைப் பிள்ளைகள் என்று பேர் வைத்திருந்தார்கள். கடைசியில் வீட்டுக்கு அனுப்பும்போதுதான் ஒரு நாள் முன்னே பின்னே ஆனது.

"நேத்து மூணு மாச செக்கப் போயிட்டு வந்தேன். உனக்கு என்னைக்கு?" என்றார் டீச்சர்.

"எனக்கு எதுக்கு டீச்சர் செக்கப்பு? எனக்குத்தான் எல்லாம் முடிஞ்சிடுச்சே. நேத்தோட மாத்திரையும் தீந்துபோச்சு. கேக் வெட்டினோம்!"

டீச்சர் அவளை மேலே பேச விடவில்லை.

"தீந்துபோச்சா? எனக்கு அஞ்சு வருஷம் சாப்பிடணும்னு புத்தகத்துல போட்டிருக்கே."

"என்ன புத்தகம்?"

"வீட்டுக்கு அனுப்புறப்ப குடுத்தாங்களே, நாற்பத்தெட்டுப் பக்கம். எப்ப எப்ப டெஸ்ட், எதைக் கவனிக்கணும், கைக்கு என்ன பயிற்சின்னு..."

செக்கரக்காவின் நெஞ்சு இளகிவிட்டது. ஐந்து வருஷம்! நாற்பத்தெட்டுப் பக்கம்! அத்தனை வியாதியா அந்த நல்ல மனுஷியின் உடம்பில் மிச்சமிருக்கிறது? "கவலையே படாதீங்க டீச்சர். மனசைத் தளர விடாதீங்க. ஞாயித்துக்கிழமை நான் நேர்ல வர்றேன்," என்றாள்.

"வா. கண்டிப்பா வா. உன் ஃபைலையும் எடுத்துட்டு வா," என்றார் டீச்சர். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. பாவம், பயந்துபோயிருக்கிறார் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் டீச்சருக்காக எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

"நமக்கு மூணே மாசம், அவங்களுக்கு அஞ்சு வருஷம்," என்றார் மாமியார். "நமக்கு ஒரு துண்டுத் தாள் குடுத்தாங்களா? இல்ல. உடம்புல ஒண்ணுமில்லன்னாத்தானே கையில ஒண்ணும் குடுக்க மாட்டாங்க?"

"கவுண்டர்ல என்னதான் சொன்னாங்க அண்ணா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"நல்லா இருக்காங்க, கூட்டிட்டுப் போங்க, ஏதாவது இருந்தா வாங்கன்னாங்க."

"ஏதாவதுன்னா?"

"அதை எப்படிக் கேக்கறது? அவ்வளவு பெரிய இடத்துல எதிர்க்கேள்வி கேட்டா நல்லா இருக்குமா?" என்றான் அவன்.

இதைச் சொன்னவன், எந்தக் கட்டடத்தில் லிஃப்டைப் பழுது பார்த்தாலும் அடுத்த சர்வீஸ் தேதியை அட்டையில் எழுதி உள்ளே மாட்டாமல் இறங்கியதே இல்லை. எழுத மறந்தால் கட்டடத்துக்காரர்கள் விட மாட்டார்கள். அவன் பெண்டாட்டிக்கு அப்படி ஓர் அட்டை வேண்டுமென்று அவனுக்குத் தோன்றவில்லை. அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொள்வதைத்தான் நாம் மரியாதை என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கி வைத்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு ஆப்பிளோடு செக்கரக்கா புறப்பட்டாள். வாசல்வரை வந்து மாமியார் பாடம் நடத்தினார். "அங்க போய் நான் நல்லா இருக்கேன்னு பீத்திக்காதே. அவங்க மனசு புண்படும். அழுதா கூட அழு. சிரிச்சு கிரிச்சு வச்சுடாதே."

டீச்சர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே டீச்சர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, இடது கையின் இரண்டு விரல்களைச் சுவரில் நடக்க விட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் தலைக்கு மேல் ஏறின, இறங்கின, மறுபடி ஏறின. செக்கரக்கா ஆப்பிள் பையோடு வாசலிலேயே நின்றாள். வியாதி மண்டைக்கே ஏறிவிட்டதா?

"டீச்சர்... நான்தான்... என்னை அடையாளம் தெரியுதா?" என்று மெல்லக் கேட்டாள்.

டீச்சர் திரும்பிப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்காதே என்று மாமியார் சொன்னது செக்கரக்காவுக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததனாலேயே அடக்க முடியவில்லை. முடி முளைக்கும் இரண்டு தலைகளும் ஒன்றையொன்று முட்டிக்கொள்கிற அளவுக்கு இருவரும் சிரித்தார்கள்.

"கைக்குப் பயிற்சிடி இது. நீ செய்யறதில்லையா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்ட டீச்சர், புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

அட்டையில், 'சிகிச்சை முடித்தவர்களுக்கு' என்று இருந்தது. வியாதி மிச்சமிருப்பவர்களுக்கு என்று இல்லை. செக்கரக்கா முதல் பக்கத்தைப் புரட்டினாள். 'உங்கள் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வாழ்த்துகள். இனி வரும் ஐந்து ஆண்டுகளில் நீங்கள் செய்ய வேண்டியவை...'

அவளுடைய ஃபைலைத் தன் ஃபைலோடு சேர்த்து வைத்து டீச்சர் வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே வியாதி, ஒரே நிலை, ஒரே மாத்திரை. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. "அஞ்சு வருஷம் உனக்கும்தான். நிறுத்தினா திரும்பி வர வாய்ப்பு கூடும். ஒன்பதாம் பக்கம் பாரு," என்றார்.

செக்கரக்கா ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு பதினேழாம் பக்கத்தைப் பார்த்தாள். 'அறுவை நடந்த பக்கத்துக் கை வீங்குகிறதா என்று கவனியுங்கள். மோதிரம், கடிகாரப் பட்டை இறுகுவது முதல் அறிகுறி. ஆரம்பத்திலேயே காட்டினால் கட்டுப்படுத்தலாம்.'

வாட்சைக் கழற்றிவிட்டு இரண்டு கைகளையும் மேசைமேல் சேர்த்து வைத்தாள். பார்க்க ஒரு நொடி போதும் அவளுக்கு. சட்டையாக இருந்தால் அந்த நொடியிலேயே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாள்.

"சதை போட்டிருக்குன்னு நெனச்சோம் டீச்சர். எங்க அத்தை தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாங்க."

"ஒரு கையில மட்டும் எப்படிடி சதை போடும்?" என்றார் டீச்சர். அவர் இப்போது சிரிக்கவில்லை. செக்கரக்காவுக்குக் கோபம் வந்தது. பயம்கூட அதற்கப்புறம்தான் வந்தது. பதினாறு வருஷம் ஊரார் சட்டைக்கெல்லாம் கை அளவு பார்த்தவள், தன் கையைப் பார்க்கவில்லையே என்று தன்மேலும் கோபம் வந்தது.

"சரி, எனக்கு ஏன் இந்தப் புத்தகத்தைக் குடுக்கலை?"

டீச்சர் இரண்டு ஃபைல்களின் பின்னட்டையையும் திருப்பிக் காட்டினார். ஒன்றில் ஒன்றுமில்லை. இன்னொன்றின் மூலையில் ஊதா மையில் ஒரு முத்திரை: எழுதப் படிக்கத் தெரியாதவர்.

"யாரு? நானா?" என்றாள் செக்கரக்கா. அப்புறம் அவளுக்கு நினைவு வந்தது. அறுவைக்கு முன்னால் சம்மதப் பத்திரத்தைக் கொண்டுவந்தபோது அவள் வலது கையில் ஊசி குத்தி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. "கையெழுத்துப் போட்டா ஊசி நகந்துடும். சீக்கிரம், இடது கட்டை விரலை வைங்க," என்று ஒரு நர்சு மைப்பெட்டியை நீட்டினாள். வைத்தாள். அன்று அந்த விரல் பதிந்த இடத்தைப் பார்த்து யாரோ ஒருவர் அட்டையில் இந்த முத்திரையைப் பதித்திருக்கிறார். அதற்குப் பிறகு அவளிடம் பேசியவர்கள் எல்லாரும் அந்த முத்திரையிடம்தான் பேசினார்கள். டீச்சருக்கு ஊசி ஏற்றியது அரை மணி தாமதம். அதனால் அவர் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை கணவனையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டீச்சர் கொடுத்த புத்தகம் அவள் பையில் இருந்தது. டாக்டர் கையைத் தொட்டுப் பார்த்தார், அளந்தார், மாத்திரையை அன்றைக்கே தொடங்கச் சொன்னார், கைக்கு இறுக்கமான உறை எழுதிக் கொடுத்தார். நல்ல வேளை, சீக்கிரம் வந்தீர்கள் என்றார்.

"நாலு நாள்தான் விட்டுப்போச்சு டாக்டர். டீச்சர் போன் பண்ணலன்னா நாலு வருஷம் விட்டிருப்பேன். எனக்கு ஏன் யாருமே சொல்லலை?"

"நர்ஸ் சொல்லியிருப்பாங்களே," என்றார் டாக்டர். நர்சைக் கேட்டால், கவுண்டரில் சொல்வார்கள் என்றாள். கவுண்டரில் இருந்த குமாஸ்தா, டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றார். மூன்று இடத்தையும் சுற்றி வந்ததில் கணவனுக்கு மூச்சு வாங்கியது. செக்கரக்காவுக்கு அவனைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது.

குமாஸ்தா கெட்டவர் இல்லை. பொறுமையாகவே பேசினார். "புத்தகம் கொஞ்சம்தான் அச்சடிக்கிறாங்கம்மா. படிக்கத் தெரிஞ்சவங்களுக்குக் குடுங்க, மத்தவங்களுக்கு வாயால சொல்லிடுங்கன்னு உத்தரவு. உங்களுக்கும் சொல்லியாச்சு. இதோ, வாய்வழித் தகவல் தரப்பட்டதுன்னு டிக் போட்டிருக்கு."

"யாருகிட்ட சொன்னீங்க?"

"கணவரிடம்னு இருக்கு."

செக்கரக்கா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லா இருக்காங்க, கூட்டிட்டுப் போங்க," என்று அவன் மனப்பாடமாக ஒப்பித்தான். "அதுதாங்க தகவல். அதுக்கு மேல ஒரு எழுத்து இல்ல. நான் கேக்கவும் இல்ல." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி, எனக்குப் படிக்கத் தெரியும். இப்பக் குடுங்க," என்றாள் அவள். குமாஸ்தாவின் பேனாவை வாங்கி அவர் கண் முன்னால் கையெழுத்துப் போட்டாள். போதாததற்கு, அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய விதிமுறைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கடகடவென்று படித்தாள். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"நீங்க படிக்கிறது எனக்குக் காதுல விழுதும்மா. ஆனா ஃபைல்ல அப்படி இல்லையே. முத்திரையை மாத்தணும்னா படிக்கத் தெரியும்னு சான்றிதழ் கொண்டு வரணும்."

"இங்க பாருங்க, நாங்க ஒரு சட்டை வித்தாக்கூட எப்படித் துவைக்கணும்னு லேபிள் வச்சு அனுப்புறோம். சட்டை போடுறவன் படிச்சவனா படிக்காதவனான்னு பாத்தா வைக்கிறோம்? படிக்காதவனுக்கும் புரியட்டும்னு வாளி, இஸ்திரிப் பெட்டின்னு படம் போட்டு வைக்கிறோம்."

குமாஸ்தா அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கூடத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது அவளுக்குக் கோபத்தில் காது சிவந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மீன் விற்கிறவள். நல்ல பருமன், வெண்கலக் குரல். நடந்ததை எல்லாம் கேட்டிருந்தாள். "அந்தப் புத்தகத்துல அப்படி என்னதான்டி எழுதியிருக்கு? எனக்கும் கொஞ்சம் படி," என்றாள்.

செக்கரக்கா ஒன்பதாம் பக்கத்தைப் படித்தாள்.

மீன்காரியின் முகம் மாறியது. "அஞ்சு வருஷமா? நான் நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சே! நல்லா இருக்கேன்னு சொன்னாங்களே!"

அவளுடைய ஃபைலைத் திருப்பினால் அதே ஊதா முத்திரை. அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த காவலாளி மனைவிக்கும் அதே. வீடுகளில் பாத்திரம் கழுவுகிறவளுக்கும் அதே. அந்த முத்திரை அவர்களில் சிலருடைய உயிரையே விலையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவரை கூடத்தில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. செக்கரக்கா மீன்காரியை எழுப்பி, கையோடு டாக்டர் அறைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். வந்தவள் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படிக்கத் தொடங்கினாள்.

அவளுக்கு மதிய ஷிஃப்ட். காலை சும்மாதான். அடுத்த திங்களும் வந்தாள், அதற்கடுத்த திங்களும் வந்தாள். மாமியாரும் கூட வந்தார். சதை என்று நினைத்து வீக்கத்துக்குச் சோறு போட்ட பாவத்தைக் கழுவ வேண்டுமாம். இடம் பிடித்து வைப்பது, பின்னால் நிற்பவர்களை முன்னால் தள்ளுவது, நடுவில் பேசுகிறவர்களை அதட்டுவது எல்லாம் அவர் இலாகா. இருபது பெண்கள் நாற்பதானார்கள். சுவர் ஓரமாக வரிசையாக நின்று எல்லாரும் விரல்களை ஏறவிட்டு இறக்குவார்கள். யாருடைய விரல் உயரம் போகிறது என்று பந்தயம். மீன்காரி எக்கி எக்கித் தொட்டுவிட்டு, தன் விரல்தான் மின்விசிறிவரை போனது என்று கூசாமல் புளுகுவாள்.

முப்பத்துநாலாம் பக்கம் வந்தபோது மாமியார் எழுந்து நின்றார். "ஆம்பளைங்க எல்லாரும் வெளிய போய் டீ குடிச்சுட்டு வாங்க," என்றார். அந்தப் பக்கத்தின் தலைப்பு, தாம்பத்திய வாழ்க்கை. படிக்கப் படிக்கச் செக்கரக்காவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "சத்தமாப் படிடி, இந்த ஒரு பக்கத்துக்குத்தான் நான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்," என்றாள் காவலாளி மனைவி. கூடம் குலுங்கியது. சிரித்துச் சிரித்து அறுவைத் தழும்பு இழுக்கிறது என்று ஒருத்தி அழுதாள். மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் கேட்டார் என்பது எனக்குத் தெரியும்.

புற்றுநோய்ப் பிரிவில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது என்று மேலிடத்துக்குப் புகார் போயிற்று. சிரிப்பையாவது பொறுத்திருப்பார்கள். படித்ததைக் கேட்ட பெண்கள் நேராக உள்ளே போய் டாக்டர்களிடம் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு எத்தனை வருஷம், அடுத்த டெஸ்ட் எப்போ, இந்த வீக்கம் ஏன் என்று விரல்விட்டு எண்ணி எண்ணிக் கேட்டார்கள். இரண்டு நிமிஷத்தில் முடிந்த ஆள் எட்டு நிமிஷம் உட்கார்ந்தால் வரிசை என்னத்துக்கு ஆகும்?

ஐந்தாவது திங்களன்று கூடத்துச் சுவரில் பளபளவென்று புதிய பலகை ஒன்று தொங்கியது. அதன் கீழேயே பெஞ்சைப் போட்டு அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். செக்கரக்கா உறை மாட்டிய கையில் புத்தகத்தை ஏந்தி இரண்டாவது சுற்றில் இருபத்திரண்டாம் பக்கத்தில் இருந்தாள்.

கண்காணிப்பாளர் வந்தார். பின்னால் குமாஸ்தா வந்தார்.

"மேலே பலகை வச்சிருக்கோமே, பாக்கலையா?"

"பாத்தோம் சார்," என்றாள் மீன்காரி எழுந்து. "பெருசா, அழகா இருக்கு."

"பாத்துட்டுமா உட்கார்ந்திருக்கீங்க?"

"என்ன எழுதியிருக்குன்னு தெரியலையே. எங்களுக்கெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாது சார்." அவள் தன் ஃபைலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். காவலாளி மனைவியும் நீட்டினாள். பாத்திரம் கழுவுகிறவள் நீட்டினாள். நாற்பது ஃபைல்கள் நீண்டன. எல்லாவற்றின் மூலையிலும் ஊதா மை.

கண்காணிப்பாளர் செக்கரக்காவிடம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமில்ல? கையில புத்தகத்தை வச்சுப் படிச்சிட்டிருக்கீங்களே!"

செக்கரக்கா எழுந்தாள். மரியாதையாகத் தன் ஃபைலையும் எடுத்து நீட்டினாள். "எனக்கும் தெரியாது சார். சான்றிதழ் இல்லாம மாத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

குமாஸ்தா கூரையைப் பார்த்தார்.

"நீங்கதான் படிச்சவரு," என்றார் மாமியார். "நீங்களே கொஞ்சம் படிச்சுச் சொல்லிடுங்களேன்."

கண்காணிப்பாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். நாற்பது பெண்களும் மடியில் கை வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப்போல நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு வேறு வழியில்லை. பலகையைப் பார்த்து, "இங்கே கூட்டமாக அமர்ந்து..." என்று ஆரம்பித்தார்.

"கொஞ்சம் சத்தமாப் படிங்க சார், பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கலை," என்றாள் மீன்காரி.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்: "இங்கே கூட்டமாக அமர்ந்து உரக்கப் படிப்பது தடை செய்யப்பட்டுள்ளது."

சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன அந்த நாற்பது பேருக்கும், அந்த ஆஸ்பத்திரி வாய்விட்டு, நிறுத்தி, புரிகிற மாதிரி சொன்ன முதல் தகவல் அதுதான்.